வல்லை வெளியில் பத்து மைல் வேகம்

கட்டுக்குருந்தவில் மூன்றாம் இடம் வந்ததற்குக் கொடுத்த கிண்ணத்தில் மாமாவின் தாயார் பாக்குவெட்டியும் சில்லறைக் காசும் போட்டு வைத்திருந்தா. இரண்டு பக்கமும் காது வைத்த சின்ன வெள்ளிமுலாம் கிண்ணம். விறாந்தைத் திண்ணையில், வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். நாங்கள் போனால் அதற்குள் கைவிட்டு ஐந்து சதம் எடுத்துத் தருவா. அது கார் ஓட்டி வென்ற கிண்ணம் என்பது எனக்கு ஏழெட்டு வயது வரை தெரியாது.

பருத்தித்துறையில் முனைப் பக்கம், வெளிச்ச வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்களின் வீடு. அவரை ஊரில் 'றேஸ்காறர்' என்பார்கள். அப்பாவுக்கு அவர் 'அண்ணை'. எங்களுக்கு றேஸ் மாமா. உறவுமுறை எதுவும் இல்லை. ஹாட்லிக் கல்லூரியில் அப்பாவுக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவர். பிறகு கொழும்பில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அறை எடுத்து இருந்திருக்கிறார்கள். அப்பா கந்தோருக்குப் போனார், மாமா கராச்சுக்குப் போனார். அவருடைய தகப்பனுக்கு அது பெரிய மனக்குறை. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஹாட்லியில் படித்த பிள்ளை கை நகத்துக்குள் கிறீசோடு பெருநாளுக்கு வருவதை எந்தத் தகப்பன் தாங்குவான்?

கராச்சில் வேலை செய்த இடத்தில்தான் றேஸ் பிடித்தது. தோட்டத்துரைமாரும் கொழும்புப் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் கார்களை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தக் கொண்டுவந்து விடுவார்கள். ஆயத்தப்படுத்துகிறவர் மாமா. எஞ்சினை இறக்கி, வால்வு அரைத்து, ரைமிங் பார்த்து, பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பார். ஓட்டிப் பார்த்ததில் சொந்தக்காரனைவிட இவர் நன்றாக ஓடுகிறார் என்று ஒருவருக்குத் தெரிந்துபோயிற்று. அப்படித்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் கட்டுக்குருந்தவில் இவரும் ஒரு காரில் ஏறினார்.

கட்டுக்குருந்த களுத்துறைக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. சண்டை முடிந்து விமானங்கள் போன பிறகு அந்த நீட்டு நிலம் மோட்டார்க்காரரின் கைக்கு வந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அதே கதைதான். யுத்தத்துக்குப் போட்ட ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடா வருடம் ஓட்டம் வைத்தது, இலங்கையிலிருந்தும் ஆட்கள் போவார்கள். மாமா ஒரு தரம் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ஸ்பானர்ச் சாவிகள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியோடு சோழவரம் போய் வந்தவர். ஓட்டுவதற்கு இல்லை, ஒருவரின் காரைப் பார்க்க. அங்கே கண்ட சனத்தைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்லூர்த் தேருக்கு வாற சனம் மாதிரி, வெயிலுக்குள்ளே, கார் பார்க்க.

அவர் ஓட்டியது றேஸுக்கென்று செய்த கார் இல்லை. கடையில் வாங்கி, பிள்ளைகுட்டியை ஏற்றி, கோயிலுக்குப் போகிற அதே ஒஸ்ரின், அதே மொறிஸ், அதே ஃபோர்ட். ஆசனத்தைக் கழற்றி, தேவையில்லாத பாரத்தை இறக்கி, எஞ்சினை மட்டும் கூர்மையாக்கி விடுவார்கள். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றம் நடக்கும். 1934இல் தொடங்கிய ஓட்டம் அது. ஒரு மைலுக்கும் குறைந்த தூரம், தேயிலைத் தோட்டத்துக்கூடாக வளைந்து வளைந்து மேலே ஏறும் ஒடுங்கிய றோட்டு. ஒவ்வொரு காராக விடுவார்கள், எதிரி மணிக்கூடு மட்டும்தான். அதிலும் இரண்டு தரம் ஓடியிருக்கிறார். 'கட்டுக்குருந்தவில கார் ஓடும், மகாகஸ்தொட்டவில நீ ஓட வேணும்' என்று அப்பாவுக்குச் சொல்வாராம். இதை அப்பா சொல்லும்போது கையிரண்டையும் ஸ்ரியறிங்கில் வைத்தது போலப் பிடித்துக்கொண்டு சொல்லுவார்.

முதலாம் இடம் அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மூன்றாம் இடத்துக்கு அந்தக் கிண்ணம், வேறொரு முறை ஒரு பதக்கம். அவ்வளவுதான். 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டிப்போட்டது. காரும் வரவில்லை, ரயரும் வரவில்லை, உதிரிப்பாகமும் இல்லை. எங்கள் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தவன் அந்த அரசாங்கம் இருந்த ஏழு வருடத்தில் கல்வீடு கட்டினான், கொழும்பில் கார் ஓட்டப்போட்டி படுத்துவிட்டது. மாமா அந்தக் காலத்தில்தான் தேய்ந்த உதிரிப்பாகத்துக்குப் புது உயிர் கொடுக்கிற வேலையைக் கற்றார். ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தன் கையாலேயே திருத்தி, ஊருக்கு அனுப்பினார். அவருடைய தம்பி அதைப் பருத்தித்துறைப் பஸ் நிலையத்தடியில் ஹயறுக்கு விட்டார்.

1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவர் இருந்த வீடு எரிந்தது. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். ஓட்டப் படங்கள், பத்திரிகை நறுக்குகள், அந்தப் பதக்கம், தகரப் பெட்டியில் இருந்த சாவிகள் எல்லாம் அந்த வீட்டோடு போயின. தாயாருக்குக் காட்டவென்று முன்பே ஊருக்குக் கொண்டுவந்திருந்ததால் கிண்ணம் மட்டும் தப்பியது. அவர் ஓடினார் என்பதற்கு அதற்குப் பிறகு பருத்தித்துறையில் இருந்த ஒரே சாட்சி பாக்குவெட்டி வைக்கிற அந்தக் கிண்ணம்தான்.

அந்த ஏ40ஐ அவர் ஓட்டுவதை நான் நன்றாகப் பார்த்தது 1990க்குப் பிறகு. அந்த ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஊரில் இருந்த புதிய யப்பான் கார்களெல்லாம் கொட்டிலுக்குள் தூங்க, ஐம்பதுகளில் செய்த ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் றோட்டுக்கு வந்தன. காரணம் எஞ்சின். புதிய எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் இறுக்கி அழுத்தி வெடிக்க வைக்கும், அதற்கு நல்ல பெற்றோல் வேண்டும். பழைய ஏ40இன் 1,200 சிசி எஞ்சின் அவ்வளவு இறுக்குவதில்லை. சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயிலும் ஓடும்.

சூடேறிவிட்டால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, தண்ணீர் மாதிரி நிற்கும். அதனால் முதலில் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் கொதித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். உழவு மெசினில் அந்த ஒழுங்கு கம்பனியிலேயே இருந்தது. பழைய ஃபேர்குசன் மெசின்களில் இப்படி ஓடவென்றே ஒரு வகை உண்டு, சின்னத் தாங்கியில் பெற்றோலும் பெரிய தாங்கியில் எண்ணெயுமாக. காரில் அது இல்லை. மாமா ஒரு சேலைன் போத்தலை எடுத்தார். வெறும் போத்தல், அதன் மெல்லிய குழாய், துளியைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சில்லு, மூன்றும் சேர்த்து. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகரத்தில் தடித்த கம்பியை வளைத்து ஒரு வளையம் போட்டு, அதில் போத்தலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். குழாயின் மறுமுனை கபரேற்றருக்குள். தாங்கியில் முழுக்க மண்ணெண்ணெய். போத்தலில் ஒரு கை பெற்றோல், அதை அவர் பால் அளப்பது போல அளந்து விடுவார்.

நல்ல பற்றரி இல்லாததால் முன்னுக்குக் கம்பி விட்டுச் சுழற்றித்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். சில்லைத் திறந்து துளி விழுகிறதா என்று பார்ப்பார். ஒரு சுழற்று, இரண்டு சுழற்று. எஞ்சின் பிடித்ததும் உள்ளங்கையை வால்வு மூடியின் மேல் வைத்துக்கொண்டு நிற்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. கையை வைக்க ஏலாமல் போகிற நேரம் வந்தால் சில்லைப் பூட்டுவார். அதன்பிறகு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை வளவு முழுக்க அடிக்கும், கண் எரியும். எந்தக் கார் எந்தத் தெருவால் போனது என்று அந்த மணத்தை வைத்தே சொல்லலாம். காரை நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலைத் திறந்து, கபரேற்றருக்குள் இருக்கிற எண்ணெய் முழுக்க எரிந்து போகும் வரை விட்டு, அதற்குப் பிறகுதான் அணைப்பார். இல்லாவிட்டால் அடுத்த தரம் கம்பியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் கழன்றுவிடும்.

மண்ணெண்ணெயில் வேகமாக ஓடவும் முடியாது. மிதித்தால் எஞ்சினுக்குள் கிணுகிணுவென்று ஒரு சத்தம் வரும், இரும்புத் தட்டத்தில் பயறு கொட்டினது போல. அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் போய்விடும். மற்றச் சாரதிமார் அந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு ஓடினார்கள். மாமாவின் காரில் அது கேட்டதேயில்லை. ஒரு நாள் முன் ஆசனத்தில் இருந்த நான் வேகமீற்றரை எட்டிப் பார்த்தபோது, 'அதைப் பாக்காத பிள்ளை, அது செத்துக் கனகாலம். இதைக் கேள்' என்று பொனற்றைக் காட்டினார். கட்டுக்குருந்தவில் எஞ்சினின் கடைசிச் சொட்டுப் பலத்தையும் பிழிந்து எடுக்கக் கற்ற காது, இப்போது ஒரு பழைய எஞ்சினை நோகாமல் நடத்துவதற்கு உதவியது. ஓட்டப் போட்டிக்குப் போன மனிதனைக் காலம் பத்து மைல் வேகத்தில் கட்டிப்போட்டுவிட்டது என்று அப்பா மனவருத்தத்தோடு சொல்லுவார். மாமாவுக்கு அப்படி ஒரு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து மைலை அவர் அவ்வளவு கவனமாக ஓட்டினார்.

1991 ஐப்பசியில் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. மந்திகை ஆஸ்பத்திரிக்கு மாமாதான் கொண்டுபோனார். அங்கே பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அம்புலன்ஸ் வேறொரு ஆளோடு போயிருந்தது. இரவு ஒன்பது மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ இருபது மைல்.

வீட்டில் தனியே விட ஆளில்லாததால் நானும் காருக்குள். பின் ஆசனத்தில் அம்மா படுத்திருக்க, அப்பா கீழே குந்தியிருந்து சேலைன் போத்தலை ஒரு கையால் உயர்த்திப் பிடித்திருந்தார். முன்னால், பொனற்றுக்குள், கம்பி வளையத்தில் மற்றப் போத்தல். இரண்டு போத்தல், இரண்டு குழாய், இரண்டு சின்னச் சில்லு. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் எத்தனையோ இரவு தோன்றியிருக்கிறது.

நெல்லியடி வரை ஒரு முன்லைற்றில் வந்தோம், அதற்கும் பாதி கறுப்பு மை பூசியிருந்தது. நெல்லியடி தாண்டியதும் மாமா காரை அணைக்காமல் நிறுத்தி இறங்கினார். பின்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சணல் சாக்கை எடுத்து ரேடியேற்றரின் முன்னால் மடித்துக் கட்டினார். வல்லை வெளி வருகிறது. தொண்டைமானாறு நீரேரியின் இரண்டு பக்கத்துத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மரம், ஒரு வீடு இல்லாமல் கிடக்கிற தரவை அது. பகலிலேயே சைக்கிளை எதிர்காற்று நிறுத்திப்போடும். அந்தக் குளிர்காற்று எஞ்சினில் அடித்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் மண்ணெண்ணெய் எரியாது, நடு வெளியில் நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டது பிறகு. அப்போது, 'கார் குளிராமல் போர்க்கிறன்' என்று மட்டும் சொன்னார்.

வெளிக்கு இறங்குகிற இடத்தில் லைற்றையும் அணைத்தார். மேற்கே பலாலிப் பக்கத்து வானத்தில் இராணுவத்தின் பரா லைற் ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த வெளியில் லைற்றோடு போகிற காரை மேலேயிருந்து எவரும் காணலாம். 'பிள்ளை, தலையை வெளியால நீட்டு. உன்ர பக்கத்துக் கரையைப் பார். தார் முடியுற இடம் கிட்ட வந்தால் கரை எண்டு சொல்லு, வேறையொண்டும் சொல்லாத.' நான் தலையை நீட்டினேன். மழைத்துளி முகத்தில் ஊசி மாதிரிக் குத்தியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாரின் கறுப்புக்கும் தண்ணீரின் கறுப்புக்கும் ஒரு வித்தியாசம் தெரிந்தது, தண்ணீர் சற்று மினுங்கியது. கரை என்றேன். கார் ஒரு சாண் வலப்பக்கம் போனது. கரை. மறுபடி ஒரு சாண். பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கார் மூச்சுப் பிடிப்பது போல மெதுவாகி, ஒரு சில்லை இறக்கி, மற்றதை இறக்கி, குலுங்காமல் ஏறியது. அம்மா முனகினா. அப்பா முருகா முருகா என்றுகொண்டிருந்தார். மாமா வாயே திறக்கவில்லை, எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலத்தடியில் எஞ்சின் ஒரு தரம் இடறியது. அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? காலால் ஏதோ செய்தார், கையால் ஏதோ ஒரு குமிழை இழுத்தார், கார் ஒரு முறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சில வருடங்களுக்கு முன் அதே வெளியைப் பகலில், பெற்றோலில், மூன்று நிமிடத்தில் கடந்து காட்டியவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எங்களுக்குக் கால்மணித்தியாலத்துக்கும் மேலே எடுத்தது.

பெரியாஸ்பத்திரியைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயம். வாசலில் கொடியைக் கண்டதும்தான் மாமா லைற்றை மறுபடி போட்டார். நேரம் பன்னிரண்டரை. விடியப்புறம் தம்பி பிறந்தான்.

காலையில் அப்பா வெளியில் வந்து மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார், பேச்சு வரவில்லை. மாமா சொன்னது இதுதான்: 'மண்ணெண்ணெய் வழிஞ்சு எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கியிருக்கும். ஒயில் தண்ணியாப் போச்சு. எங்கையாவது ரெண்டு போத்தல் ஒயில் கிடைச்சால் பாத்து வை, தம்பி.' அப்பா இரண்டு மாதம் அலைந்து ஓர் அரிசி மில்காரனிடம் அதை வாங்கிக் கொடுத்தார். எங்கள் குடும்பம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த இரண்டு போத்தல்தான்.

அன்றைக்குப் பிறந்தவன் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே தொலைக்காட்சியில் நாஸ்கார் ஓட்டம் பார்க்கப் பழகி, ஒருநாள் எனக்கு எடுத்துச் சொன்னான்: அக்கா, எங்கட மாமா ஓடினதுக்கு இவங்கள் ஸ்ரொக் கார் எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள். கடையில் விற்கிற கையிருப்புக் கார் என்பதுதான் கருத்து. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கசிப்புக் காய்ச்சினவர்கள் சாதாரணக் கார்களின் எஞ்சினை முறுக்கிவிட்டுப் பொலிசுக்குத் தப்பி இரவில், லைற்றை அணைத்துவிட்டு, மலைப் பாதையில் ஓடிப் பழகினார்கள். பிறகு யாருடைய கார் வேகம் என்று தங்களுக்குள் ஓடிப் பார்த்தார்கள். டேற்றோனா கடற்கரை மணலில் அந்தக் காலத்திலேயே ஓட்டம் நடந்தது, 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் அதையெல்லாம் ஒரு சங்கமாக்கினார். ஜூனியர் ஜோன்சன் என்ற ஒருவர் தகப்பனின் கசிப்புக் கொட்டிலில் 1956இல் பிடிபட்டுச் சிறையிருந்தவர், வெளியே வந்தும் ஓடி, மொத்தத்தில் 50 ஓட்டம் வென்றவர். 1986இல் ஜனாதிபதி றேகன் அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். 2019 மார்கழியில் அவர் இறந்தபோது தம்பி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினான். லைற்றை அணைத்துவிட்டு ஓடின கதையை வாசித்ததும் அவனுக்கு வல்லை வெளி ஞாபகம் வந்ததாம். வல்லை வெளியை அவன் கண்ணால் காணவில்லை, அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தான். எங்கள் வாயால் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அது ஞாபகமாகிவிட்டது.

2002 சித்திரையில் தெற்குக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணில் வெண்படலம். சத்திர சிகிச்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். கண்கட்டு அவிழ்த்த மறுவாரம், 'கட்டுக்குருந்தப் பக்கம் ஒருக்கால் போவமே' என்றார். அவர் கேட்டு நாங்கள் செய்த ஒரே பயணம் அது. வானை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அங்கே விசேட அதிரடிப் படையின் பயிற்சிக் கல்லூரி இருந்தது. உள்ளே விடச் சொல்லி அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு நாங்கள் அங்கே எதற்கு வந்தோம் என்று எப்படி விளங்கப்படுத்துவது? இறங்காமலே கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊன்றுகோலை நீட்டி, 'அந்தா, அங்கதான் வளைவு. பிறேக்கில கால் வைக்கப்படாது, கியரை இறக்க வேணும்' என்றார். எனக்குத் தென்னையும் வேலியும்தான் தெரிந்தன. புதுக் கண்ணால் அவர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சனம் எங்கே நிற்கும், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டப்பாதையின் கரைவரை எப்படி வந்துவிடும் என்றும் காட்டினார். அது அவருக்கு எப்போதும் பயம். 2024 சித்திரையில் தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் சனத்துக்குள் பாய்ந்து ஒரு சின்னப் பிள்ளை உட்பட ஏழு பேர் செத்தபோது, அந்தத் தெருவோரத்தில் அவர் நீட்டிய ஊன்றுகோல்தான் எனக்கு முன்னால் வந்தது.

2004 புரட்டாதியில் மாமா போய்விட்டார். மார்கழியில் கடல் வந்தது. முனை வீட்டு விறாந்தையில் அரைச் சுவர்தான் மிஞ்சியது. கிண்ணத்தை மணலுக்குள் இரண்டு நாள் தேடினேன். பாக்குவெட்டி கிடைத்தது.

இப்போது யாழ்ப்பாணத்துக்குப் பருத்தித்துறையிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது வல்லை வெளி வந்தால் நான் இடப்பக்க யன்னல் ஆசனத்தில் இருக்கப் பார்ப்பேன். காபெற் றோட்டு, நடுவில் வெள்ளைக் கோடு, கரையில் மஞ்சள் கோடு. தலையை வெளியே நீட்டிக் கரை சொல்ல ஆள் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் பொடியன்கள் பஸ்ஸை வெட்டிக்கொண்டு போகிறார்கள், ஒருவன் எதிர்காற்றில் படுத்துக்கொண்டே போகிறான். இதே வெளியில் விழுந்து செத்தவர்களின் படம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியை நெல்லியடிச் சந்தியில் அடிக்கடி காண்கிறேன். ஒவ்வொரு தரமும் வயிறு பற்றி எரிகிறது. இவர்களில் ஒருவனையாவது மாமாவின் பக்கத்து ஆசனத்தில் ஒரு நாள் இருத்தியிருக்கலாம் என்று நினைப்பேன்.

2022இல் மறுபடி பெற்றோல் இல்லாமல் போனது, இந்த முறை முழு நாட்டுக்கும். மந்திகைச் சந்தி வரை வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து, 'அன்ரி, அந்த நாளில மண்ணெண்ணெயில ஓடினவையாமே, எப்பிடி?' என்று கேட்டான். சொன்னேன். அவனுடைய காரில் கபரேற்றரே இல்லை, எரிபொருளைக் கணினி பார்த்துத் தெளிக்கிறது. தொங்கவிட வளையமும் இல்லை, தொட்டுப் பார்க்க வால்வு மூடியும் வெளியே தெரியாது. அந்த ஆவணியில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. எங்கள் துறையில் இயந்திரப் படகுகள் கரையில் ஏறி நின்றன. தொண்ணூறுகளில் எங்களைச் சுமந்த எண்ணெய் கடலுக்குப் போகவும் கட்டுப்படியாகாமல் போயிற்று.

அந்த ஏ40ஐ மாமாவின் தம்பி 2008இல் நெல்லியடிப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். போன ஆவணியில் புலோலியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் போகவென்று பூ அலங்காரத்தோடு பழைய கார் ஒன்று வந்து நின்றது. பால் வெள்ளை நிறம், பளபளக்கிற பம்பர். எங்களூரில் இப்போது பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் கலியாணக் கார்கள். இலக்கத் தகட்டைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை.

ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். 'தம்பி, இதின்ர பொனற்றை ஒருக்கால் திறந்து காட்டுவியோ?' என்றேன். காரைப் பற்றி ஒருவர் கேட்டதே அவனுக்குச் சந்தோசம். மாலையைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டுத் திறந்தான். எல்லாம் கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது. எஞ்சினுக்குப் பின்னால், வெள்ளைப் பெயின்றுக்கு மேலாகவே, தடித்த கம்பி வளையம் அப்படியே இருந்தது.

'இது என்னத்துக்கெண்டு தெரியேல்லை அக்கா. கழட்டினால் வேறை ஏதும் கழண்டிடுமோ எண்டு விட்டிட்டன்' என்றான்.

கையை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் சூடாக இருந்தது, வளையம் குளிர்ந்திருந்தது. சேலைன் போத்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவன் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றான், பெற்றோல் எவ்வளவு விட்டவை, எத்தினை மைல் ஓடினது என்று. அதற்குள் பொம்பிளை வெளிக்கிட்டுவிட்டாள், நாதஸ்வரக்காரர் எழும்பிவிட்டார்கள். 'கழட்டாத' என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஏறினான்.

முன்னால் மேளம் நடக்க, சனம் நடக்க, கார் பின்னால் முதலாம் கியரில் உருண்டது. ஒழுங்கை முடிகிற வரை நான் அதன் பக்கத்தில் நடந்துபோனேன், எஞ்சினைக் கேட்டபடி. கிணுகிணுப்பு இல்லை.